எரர் வந்தாலும் க்ளீனப் ஓடியே தீர வேண்டும்: எதுவரை நம்பலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "சி-யில் ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறேன். ஒரு ஃபைலைத் திறக்கிறது, பஃபருக்கு மெமரி வாங்குகிறது, ஒரு மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பூட்டுகிறது, அப்புறம் வேலையைச் செய்கிறது. நடுவில் எங்கே எரர் வந்தாலும் பூட்டு திறந்து, மெமரி திரும்பிப் போய், ஃபைல் மூடியே ஆக வேண்டும். இதை எப்படி உறுதி செய்வது? சி பிளஸ் பிளஸ், ரஸ்ட், கோ மொழிகளில் இந்தப் பிரச்சினையே கிடையாது என்கிறார்களே, உண்மையா?"

முதல் கேள்விக்கு நேரான விடை இருக்கிறது, கீழே தருகிறேன். இரண்டாவது முக்கால்வாசி உண்மை. மீதிக் காலில்தான் ராத்திரி போன் வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மொழியாக இருந்தாலும் அது தருகிற உறுதி "ஸ்கோப்பை (வேரியபிள் உயிரோடு இருக்கும் பகுதியை) விட்டு ஒழுங்காக வெளியே வந்தால் க்ளீனப் ஓடும்" என்பது மட்டும்தான். வெளியே வராமலே புரோசஸ் செத்துப்போனால் அந்த வாக்கு செல்லாது. அதனால் க்ளீனப் வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது என் பழக்கம். புரோசஸ் உயிரோடு இருக்கும்வரை தேவைப்படுவது ஒன்று. அது செத்த பிறகும் தேவைப்படுவது இன்னொன்று. முதலாவதை மொழியிடம் ஒப்படைக்கலாம். இரண்டாவதையும் அதனிடமே விட்டால் என்றாவது ஒருநாள் மாட்டிக்கொள்வோம்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சர்வர் இருந்தது. சில வாரங்களுக்கு ஒருமுறை "திறந்த ஃபைல்கள் அளவுக்கு மீறிவிட்டன" என்று சொல்லி நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். யாரோ ஒரு புண்ணியவான் வாரம் ஒருமுறை தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் அந்த புரோசஸின் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலுக்கும் சாக்கெட்டுக்கும் கெர்னல் தரும் எண்) பட்டியலை எடுத்துப் பார்த்தால் 1024 என்ற வரம்பில் கிட்டத்தட்ட எல்லாமே சாக்கெட்டுகள், மறுமுனை எப்போதோ போய்விட்டவை. அந்த ஃபங்ஷனின் பழைய வடிவத்தை எடுத்துப் பார்த்தேன். முதலில் எழுதியவர் ஒவ்வொரு ரிட்டர்னுக்கு முன்பும் ஒழுங்காக மூடியிருந்தார். இரண்டு வருடம் கழித்து வேறொருவர் நடுவில் ஒரு சரிபார்ப்பைச் சேர்த்து, அது தோற்றால் நேரே ரிட்டர்ன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் சாக்கெட் ஏற்கனவே திறந்திருக்கிறது என்பது அவர் திரையில் தெரியவில்லை; அறுபது வரி மேலே இருந்தது.

இந்த வகைப் பிழை எழுதும்போது வருவதைவிடத் திருத்தும்போதுதான் அதிகம் வருகிறது. ஆகவே ஒரு முறை நல்லதா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த ஃபங்ஷனை முழுதாகப் படிக்காத ஒருவர் நடுவில் ஒரு ரிட்டர்ன் சேர்த்தால் என்ன உடையும்?

சரி, சி-க்கு வருவோம். கல்லூரியில் கோட்டோ (ஒரு லேபிளுக்கு நேரே தாவும் கட்டளை) கெட்டது என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். க்ளீனப் விஷயத்தில் அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். லினக்ஸ் கெர்னலின் கோடிங் ஸ்டைல் விதிகளே, பல இடங்களிலிருந்து வெளியேறுகிற ஃபங்ஷனில் பொதுவான க்ளீனப் இருந்தால் கோட்டோ பயன்படுத்தலாம் என்கின்றன. உங்கள் ஃபங்ஷனை இப்படி எழுதலாம்:

    விளைவு = தோல்வி
    ஃபைல் = திற(பாதை)
    திறக்கவில்லை என்றால்: கோட்டோ முடிவு
    பஃபர் = மெமரி_வாங்கு(அளவு)
    கிடைக்கவில்லை என்றால்: கோட்டோ ஃபைலை_மூடு
    பூட்டு(மியூடெக்ஸ்)
    பூட்டவில்லை என்றால்: கோட்டோ பஃபரை_விடு
    வேலை(ஃபைல், பஃபர்)
    தோற்றால்: கோட்டோ பூட்டைத்_திற
    விளைவு = வெற்றி
  பூட்டைத்_திற:
    திறந்துவிடு(மியூடெக்ஸ்)
  பஃபரை_விடு:
    ஃப்ரீ(பஃபர்)
  ஃபைலை_மூடு:
    மூடு(ஃபைல்)
  முடிவு:
    விளைவைத் திருப்பிக் கொடு

ஏணியில் ஏறிய படிகளிலேயே தலைகீழாக இறங்குகிறோம். மூன்றாவது படியில் வழுக்கினால் இரண்டையும் ஒன்றையும் மட்டும் தொட்டு இறங்குவோம், ஏறாத படியைத் தொட மாட்டோம். லேபிளின் பெயர் அது செய்கிற வேலையைச் சொல்லட்டும். "எரர்1", "எரர்2" என்று வைத்தால் நடுவில் ஒரு படியைச் சேர்க்கும் நாளில் எல்லா எண்ணும் மாறும், அதில் ஒன்று தவறும்.

முதல் வரியைப் பாருங்கள்: விளைவு தோல்வி என்றே தொடங்குகிறது. ஒரே ஓர் இடத்தில்தான் வெற்றியாக மாறுகிறது. இது வெறும் அழகுக்கு இல்லை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் ஐஓஎஸ் 7.0.6-ஐ அவசரமாக வெளியிட்டதே, அதற்குக் காரணம் இதே கோட்டோ பாணியில் எழுதிய ஒரு ஃபங்ஷன். டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைய) இணைப்பில் சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் இடம். இஃப் ஒன்றின் கீழே க்ளீனப் லேபிளுக்குத் தாவும் கோட்டோ வரி இரண்டு முறை விழுந்துவிட்டது. பிரேஸ் இல்லாததால் முதலாவது மட்டும் இஃப்புக்குச் சொந்தம். இரண்டாவது எப்போதும் ஓடும். கீழே இருந்த நிஜமான கையெழுத்துச் சோதனைக்குக் கட்டுப்பாடு போகவே இல்லை. தாவிய நேரத்தில் எரர் வேரியபிளில் இருந்தது, அதற்கு முன் அழைத்த ஃபங்ஷன் ஜெயித்துவிட்டு வைத்துப்போன பூஜ்யம். பூஜ்யம் என்றால் வெற்றி. க்ளீனப் என்னவோ கச்சிதமாக ஓடியது, கையெழுத்தைப் பார்க்காமலே "எல்லாம் சரி" என்ற பதிலோடு. விளைவுக்குத் தனி வேரியபிள் வைத்து அதைத் தோல்வியில் தொடங்கியிருந்தால், அதே தவறான வரி அந்தச் சோதனை வழியே போகும் எல்லா இணைப்புகளையும் முறித்திருக்கும், முதல் நாள் டெஸ்டிங்கிலேயே பிடிபட்டிருக்கும். இப்படி இன்டென்டேஷன் ஏமாற்றும் இடங்களை எச்சரிக்கும் வசதி ஜிசிசி கம்பைலரின் 6-ஆம் பதிப்பில் 2016-இல் வந்தது. எச்சரிக்கைகளை ஆன் செய்து வையுங்கள்.

பல லேபிள்கள் பிடிக்காதவர்கள் ஒரே லேபிள் வைத்து, எல்லா பாயின்டரையும் "நல்" (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) என்று தொடங்குவார்கள். நல்-ஐ ஃப்ரீ செய்தால் ஒன்றும் ஆகாது என்பது சி-யின் விதி, எனவே மெமரிக்கு இது பொருந்தும். மற்றவற்றுக்குக் கவனம் தேவை. ஃபைல் டிஸ்கிரிப்டரைப் பூஜ்யத்தில் தொடங்கினால் எரர் பாதையில் நீங்கள் மூடுவது உங்கள் புரோகிராமின் ஸ்டாண்டர்டு இன்புட்டை. அடுத்து திறக்கும் ஏதோ ஒரு ஃபைல் அந்த பூஜ்யம் எண்ணில் வந்து உட்காரும், அப்புறம் நடக்கும் கூத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும். மைனஸ் ஒன்றில் தொடங்குங்கள். மியூடெக்ஸுக்கோ "இன்னும் பூட்டவில்லை" என்று சொல்ல ஒரு வெற்று மதிப்பே கிடையாது. தனியாக ஒரு ஃப்ளாக் வேண்டும். ஸ்ட்ரக்சருக்கு உள்ளே இருக்கும் பாயின்டரை விடும்போது ஸ்ட்ரக்சரின் பாயின்டரே "நல்" என்று இருந்தால் புரோகிராம் அங்கேயே விழும். ஒரே லேபிளால் வரும் இந்தப் பிழைக்குக் கெர்னல் ஸ்டைல் விதிகளில் தனி எச்சரிக்கையே உண்டு.

இன்னொரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. ரீட் தோற்றது, காரணம் எர்நோவில் (கடைசி எரரின் எண்ணை வைக்கும் வேரியபிள்) இருக்கிறது. நீங்கள் ஏணியில் இறங்கிக்கொண்டே குளோஸை அழைக்கிறீர்கள், அதுவும் தோற்று எர்நோவில் தன் காரணத்தை எழுதிவிடுகிறது. அழைத்தவருக்குப் போய்ச் சேர்வது இரண்டாவது காரணம். டிஸ்க் கெட்டுப்போன செய்தி "தவறான டிஸ்கிரிப்டர்" என்று மாறி லாகில் விழும். ஃப்ரீகூட நெடுநாள் எர்நோவை மாற்றக்கூடியதாகத்தான் இருந்தது. குனு சி லைப்ரரியில் 2021-இல் வந்த 2.33 பதிப்பிலிருந்துதான் அது எர்நோவைத் தொடாமல் விடுகிறது. எரர் கண்ட உடனே எர்நோவை ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் க்ளீனப்புக்குப் போங்கள்.

கோட்டோவுக்கு மாற்றாக, ஜிசிசியும் கிளாங்கும் வேரியபிளோடு ஒரு க்ளீனப் ஃபங்ஷனைக் கட்டிவைக்கும் அட்ரிப்யூட்டைத் தருகின்றன. வேரியபிள் ஸ்கோப்பை விட்டுப் போகும்போது கம்பைலரே அந்த ஃபங்ஷனை அழைக்கும். சி தரத்தில் இது கிடையாது, ஆனால் லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி முழுக்க இதில்தான் ஓடுகிறது, க்னோம் டெஸ்க்டாப் பக்கத்து லைப்ரரிகளும் அப்படியே. லினக்ஸ் கெர்னலும் 2023-இல் 6.5 பதிப்பில் இதற்கான மேக்ரோக்களைச் சேர்த்துக்கொண்டது. நான் மேலே கேட்ட கேள்விக்கு இது நல்ல பதில்: யாரோ நடுவில் ரிட்டர்ன் சேர்த்தாலும் ஒன்றும் உடையாது. திறக்கிற வரியும் மூடுகிற ஏற்பாடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் கம்பைலர் இந்த இரண்டில் ஒன்று என்றால் புதிய ஃபங்ஷன்களை இப்படியே எழுதுங்கள் என்றுதான் சொல்வேன்.

அதிலும் மூன்று முள். வேரியபிளை அறிவிக்கும்போதே மதிப்புக் கொடுக்காவிட்டால், முந்திய ரிட்டர்ன் ஒன்றில் குப்பை பாயின்டர் ஃப்ரீ ஆகும். ஜெயித்தால் பாயின்டரை அழைத்தவருக்குக் கொடுக்க வேண்டிய ஃபங்ஷனில், கொடுக்கும் நேரத்தில் நம் வேரியபிளை "நல்" ஆக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஏற்கனவே விடுவித்த மெமரியைத்தான் கையில் கொடுத்து அனுப்புவோம். இந்த முறையை வைத்திருக்கும் ஒவ்வொரு லைப்ரரியிலும் இதற்கென்று ஒரு மேக்ரோ இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். மூன்றாவது, ஒரே ஃபங்ஷனில் கோட்டோ ஏணியையும் இதையும் கலக்காதீர்கள். அறிவிப்பைத் தாண்டிக் குதித்தால் கிளாங் திட்டும். ஜிசிசி பேசாமல் விட்டுவிடும், க்ளீனப் குப்பை மதிப்போடு ஓடும்.

சி பிளஸ் பிளஸில் டிஸ்ட்ரக்டர்கள் (பொருள் அழியும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்கள்) இந்த வேலையைச் செய்கின்றன. வளத்தை ஒரு பொருளுக்குள் வை, பொருள் போகும்போது வளமும் போகட்டும் என்ற இந்தப் பழக்கத்துக்குப் பெயர் வைத்தவர் அந்த மொழியை உருவாக்கிய ஸ்ட்ரவுஸ்ட்ரப். ரிட்டர்ன் ஆனாலும் எக்ஸெப்ஷன் பறந்தாலும், கட்டிய வரிசைக்குத் தலைகீழாக டிஸ்ட்ரக்டர்கள் ஓடும். இதில் அடிக்கடி தவறிப்போகும் இடம் கன்ஸ்ட்ரக்டர். ஒரு கிளாஸ் இரண்டு வெறும் பாயின்டர்களை வைத்திருக்கிறது, கன்ஸ்ட்ரக்டரில் முதலாவதுக்கு மெமரி கிடைத்தது, இரண்டாவதுக்கு எக்ஸெப்ஷன் வந்தது என்று வையுங்கள். பொருள் முழுதாகப் பிறக்கவில்லை, அதனால் அதன் டிஸ்ட்ரக்டர் ஓடாது. முதல் மெமரி போனது போனதுதான். ஆனால் முழுதாகக் கட்டி முடிந்த உறுப்புகளின் டிஸ்ட்ரக்டர்கள் ஓடும். எனவே ஒரு வளத்துக்கு ஒரு பொருள் என்று பிரித்து, யூனிக் பாயின்டர் மாதிரி ஒன்றில் தனித்தனியாக வைத்தால் தப்பிக்கலாம்.

இப்போது "உறுதி" எங்கே முடிகிறது என்று பாருங்கள். எக்ஸெப்ஷனை யாருமே பிடிக்கவில்லை என்றால், புரோகிராமை நிறுத்தும் டெர்மினேட் அழைக்கப்படும் முன் ஸ்டாக் பிரிக்கப்படுமா (அழைத்த ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகக் கலைத்து டிஸ்ட்ரக்டர்கள் ஓடுமா) என்பதைத் தரம் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. லினக்ஸில் ஜிசிசி முதலில் பிடிப்பவர் யாராவது இருக்கிறாரா என்று மேலே தேடிப் பார்க்கும். இல்லை என்றால் அங்கேயே டெர்மினேட். ஒரு டிஸ்ட்ரக்டரும் ஓடாது. டெவலப்பர் கையில் மெயின் ஃபங்ஷனில் கேட்ச் இருந்ததால் எல்லாம் சுத்தமாக மூடியது, புதிதாகச் சேர்த்த த்ரெட்டில் கேட்ச் இல்லாததால் ஒன்றும் மூடவில்லை என்று வித்தியாசமாக நடக்கும். எக்ஸிட்டை நேரே அழைத்தால் லோக்கல் பொருள்களின் டிஸ்ட்ரக்டர்கள் ஓடாது, ஸ்டாடிக் பொருள்களுடையது மட்டும் ஓடும். அபார்ட் செய்தால் (புரோசஸை அந்த இடத்திலேயே நிறுத்தினால்) எதுவுமே இல்லை. லாங்ஜம்ப்பால் டிஸ்ட்ரக்டரைத் தாண்டிக் குதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியிடம் வரையறையே கிடையாது.

ரஸ்ட் இதைவிடக் கட்டுப்பாடானது, ஆனாலும் ஓட்டை உண்டு. புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி: பூட்டை வாங்கி வெறும் அடிக்கோடு (_) ஒன்றுக்குக் கொடுப்பது. பெயரே இல்லாத அடிக்கோட்டில் எதுவும் தங்காது. பூட்டு அதே வரியில் திறந்துவிடும், கீழே இருக்கும் பத்து வரியும் காவலின்றி ஓடும். அடிக்கோட்டுக்குப் பின்னால் ஒரு பெயர் சேர்த்தால் ஸ்கோப் முடியும்வரை நிற்கும். ஓர் எழுத்து வித்தியாசம். மியூடெக்ஸுக்கு மட்டுமாவது இதைக் கம்பைலரின் லின்ட் (தவறான பழக்கங்களைப் பிடிக்கும் சோதனை) கண்டுபிடித்துத் தடுக்கிறது; நீங்களே எழுதிய கார்டுக்கு (பூட்டைப் பிடித்துவைத்துத் தான் போகும்போது திறக்கும் பொருள்) அந்தக் காவல் இல்லை.

அதைவிடச் சுவாரசியமானது 2015-இல் நடந்தது. ரஸ்ட் 1.0 அந்த மே மாதம் வர வேண்டும். ஸ்டாண்டர்டு லைப்ரரியில் ஒரு த்ரெட் வசதி இருந்தது: அது தரும் கார்டு டிராப் ஆகும்போது (ஸ்கோப் முடிந்து அதன் க்ளீனப் ஓடும்போது) த்ரெட் முடியும்வரை காத்திருக்கும், ஆகவே த்ரெட் உங்கள் ஸ்டாக்கில் இருக்கும் டேட்டாவைத் தைரியமாகத் தொடலாம். டிராப் கண்டிப்பாக ஓடும் என்ற நம்பிக்கையில் கட்டியது. வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் ரெஃபரன்ஸ் கவுன்ட் வட்டத்துக்குள் அந்த கார்டை வைத்துவிட்டால் டிராப் ஓடவே ஓடாது என்பது கவனத்துக்கு வந்தது. பாதுகாப்புச் சோதனையை விலக்கும் அன்சேஃப் என்ற சொல்லே எழுதாமல் மெமரியைக் கெடுக்க முடிந்தது. அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். டிராப் ஓடாமல் போவது பாதுகாப்புக்கு விரோதமில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, பொருளை மறந்துவிடச் சொல்லும் ஃபர்கெட் ஃபங்ஷனையும் சேஃப் ஆக்கினார்கள். ஸ்கோப்புக்கு உட்பட்ட த்ரெட்டுகள் 2022-இல் 1.63 பதிப்பில் திரும்பி வந்தபோது வடிவம் மாறியிருந்தது: நீங்கள் ஒரு குளோஷரை (ஓட வேண்டிய ஒரு துண்டு கோடை) கொடுக்கிறீர்கள், லைப்ரரி அதை ஓட்டிவிட்டு, எல்லா த்ரெட்டும் முடிந்த பிறகுதான் உங்களிடம் திரும்புகிறது. காத்திருக்கும் வேலை உங்கள் கையில் தரப்படும் பொருளில் இல்லை, லைப்ரரியின் ஃபங்ஷனுக்குள்ளேயே இருக்கிறது. க்ளீனப் ஓடியே தீர வேண்டிய ஏபிஐ எழுதுகிறீர்கள் என்றால், எந்த மொழியாக இருந்தாலும் இந்த வடிவத்தைத் திருடிக்கொள்ளுங்கள்.

பேனிக்கில் (மீள முடியாத எரரில்) அபார்ட் என்று பில்ட் செய்தால் ரஸ்டிலும் டிராப் ஓடாது. பேனிக்கில் பிரிந்துகொண்டிருக்கும்போது ஒரு டிராப்பிலிருந்து இன்னொரு பேனிக் வெளியே வந்தாலும் அபார்ட்தான்.

கோ மொழியின் டிஃபர் (வெளியேறும்போது இதை ஓட்டு என்று சொல்லிவைப்பது) படிக்கச் சுலபம், 2020-இல் வந்த 1.14-லிருந்து செலவும் பெரும்பாலான இடங்களில் கிட்டத்தட்ட இல்லை. இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். டிஃபர் பிளாக்குக்கு இல்லை, ஃபங்ஷனுக்கு. லூப்புக்குள் பத்தாயிரம் ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் டிஃபர் போட்டால் பத்தாயிரமும் ஃபங்ஷன் முடியும்வரை திறந்தே இருக்கும். எரரை எழுதிவிட்டு நிறுத்தும் லாக் ஃபேட்டல் உள்ளே எக்ஸிட்டை அழைக்கிறது, ஒரு டிஃபரும் ஓடாது. ஸிக் மொழியில் எரரோடு வெளியேறும்போது மட்டும் ஓடும் எர்டிஃபர் என்று ஒன்று இருக்கிறது. "ஜெயித்தால் அழைத்தவருக்குச் சொந்தம், தோற்றால் நானே விடுவிக்கிறேன்" என்ற நிலைமையை இதைவிடச் சுருக்கமாக எழுதும் வழியை நான் பார்க்கவில்லை.

சரி, க்ளீனப்பே தோற்றால்? ஃபைலுக்கு எழுதிய டேட்டா பஃபரில் கிடக்கிறது, மூடும்போதுதான் வெளியே தள்ளப்படுகிறது, டிஸ்க்கில் இடமில்லை. சி பிளஸ் பிளஸில் டிஸ்ட்ரக்டரிலிருந்து எக்ஸெப்ஷன் வெளியே வந்தால், 2011 தரத்திலிருந்து சாதாரணமாக அது டெர்மினேட். எனவே ஸ்ட்ரீம்களின் டிஸ்ட்ரக்டர் எரரை விழுங்கிவிடும். ரஸ்டில் டேட்டாவைச் சேர்த்துவைத்து எழுதும் பஃப்ரைட்டரும் டிராப்பில் விழுங்கிவிடும். கோ மொழியில் டிஃபர் குளோஸ் என்று ஒரு வரி எழுதினால் அது தரும் எரரை யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்று மொழியிலும் க்ளீனப் "ஓடியது", மூன்றிலும் டேட்டா காணாமல் போனது.

இதற்கு நான் வைத்திருக்கும் விதி: வெற்றிப் பாதையில் ஃபைலை மூடுவது வேலையின் கடைசிப் படி, தோல்விப் பாதையில் மூடுவதுதான் க்ளீனப். வெற்றிப் பாதையில் ஃப்ளஷ், எஃப்சிங்க் (டேட்டாவை டிஸ்க்குக்கே தள்ளும் அழைப்பு), குளோஸ் மூன்றையும் கையால் அழைத்து, ஒவ்வொன்றின் விளைவையும் பார்த்து, அப்புறம்தான் ஜெயித்தோம் என்று சொல்ல வேண்டும். டிஸ்ட்ரக்டரோ டிஃபரோ அதுவரை போக முடியாதபோது பிடிக்கும் வலை. லினக்ஸில் குளோஸ் இன்டரப்ட் எரரோடு திரும்பினால் மறுபடி அழைக்காதீர்கள். டிஸ்கிரிப்டர் ஏற்கனவே போய்விட்டது, இரண்டாவது அழைப்பு வேறு த்ரெட் இப்போதுதான் திறந்த ஃபைலை மூடக்கூடும். எஃப்சிங்க்கும் அப்படித்தான். 2018-இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழுவினர் கண்டது: ஒருமுறை தோற்ற எஃப்சிங்க்கை மீண்டும் அழைத்தால், டேட்டா டிஸ்க்குக்குப் போகாமலே லினக்ஸில் அது வெற்றி என்று திரும்பக்கூடும். அதற்கப்புறம் போஸ்ட்கிரெஸ், எஃப்சிங்க் தோற்றால் வேண்டுமென்றே தன்னையே வீழ்த்திக்கொண்டு, மாற்றங்களைக் குறித்துவைத்த லாகிலிருந்து மீண்டு எழும்படி மாற்றப்பட்டது. தப்பிக்க வழியில்லாத எரருக்கு அது நேர்மையான பதில்.

அது நம்மை இரண்டாவது வகைக்குக் கொண்டுவருகிறது. புரோசஸை உடனே கொல்லும் "சிக்கில்" சிக்னலைப் பிடிக்க முடியாது. மெமரி தீர்ந்தால் கெர்னலின் ஓஓஎம் கில்லர் அனுப்புவதும் அதைத்தான். மின்சாரம் போனால் அதுவும் இல்லை. நிற்கச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் வந்தால்கூட, நீங்கள் ஒன்றும் ஏற்பாடு செய்யாவிட்டால் எட்எக்ஸிட்டில் (முடியும்போது ஓட வேண்டியவற்றின் பட்டியலில்) பதிந்தவை ஓடாது. ஏற்பாடு செய்வதாக இருந்தால் ஹேண்ட்லருக்குள் க்ளீனப் செய்யாதீர்கள். மெமரி வாங்கும் மாலக் நடுவில் இருக்கும்போது சிக்னல் வந்து, ஹேண்ட்லரில் நீங்கள் ஃப்ரீயை அழைத்தால் தன் பூட்டுக்கே தான் காத்து நிற்கக்கூடும். ஒரு ஃப்ளாக்கை வைத்துவிட்டு, அல்லது பைப்பில் ஒரு பைட் எழுதிவிட்டுத் திரும்புங்கள். மெயின் லூப் பார்த்துக்கொள்ளட்டும்.

புரோசஸ் எப்படிச் செத்தாலும் கெர்னல் சிலவற்றைக் கட்டாயம் செய்யும்: மெமரியை எடுத்துக்கொள்ளும், டிஸ்கிரிப்டர்களை மூடும், அதோடு ஃபைல் பூட்டுகளையும் விடுவிக்கும். நம்மிடம் இருப்பதில் நிஜமான உறுதிக்கு மிக அருகில் இருப்பது இதுதான். கெர்னல் செய்யாதவை: தற்காலிக ஃபைல்கள், யூனிக்ஸ் சாக்கெட்டின் பாதை, பெயருள்ள ஷேர்டு மெமரி, பிஐடி ஃபைல் (ஓடும் புரோசஸின் எண்ணை எழுதிவைக்கும் ஃபைல்), ஷேர்டு மெமரிக்குள் பூட்டியபடி விட்ட சாதாரண மியூடெக்ஸ். ஆகவே இந்த இரண்டாவது பட்டியலில் இருப்பவற்றை முதல் பட்டியலுக்குத் தள்ளிவிட முடியுமா என்று பார்ப்பதுதான் வேலை.

பெரும்பாலும் முடியும். தற்காலிக ஃபைலைத் திறந்த உடனே அதன் பெயரை அழித்துவிடுங்கள். டிஸ்கிரிப்டர் இருக்கும்வரை டேட்டா இருக்கும், செத்தால் கூடவே போய்விடும். லினக்ஸ் 3.11-லிருந்து பல ஃபைல் சிஸ்டங்களில் பெயரே இல்லாமல் திறக்கும் வசதியும் உண்டு. "பிஐடி ஃபைல் இருந்தால் இன்னொரு பிரதி ஓடுகிறது" என்று பார்ப்பதை விட்டு, அந்த ஃபைலின் மேல் எஃப்லாக் பூட்டு வாங்க முடிகிறதா என்று பாருங்கள். ஃபைல் கிடந்தாலும் பூட்டு கிடக்காது. எஃப்சிஎன்டிஎல் வகைப் பூட்டில் ஒரு பழைய விநோதம் உண்டு: அதே ஃபைலை உங்கள் புரோசஸில் வேறு யாரோ, ஏதோ லைப்ரரிகூட, திறந்து மூடினால் உங்கள் பூட்டும் போய்விடும். இதற்காகவே நான் எஃப்லாக் பக்கம். ஷேர்டு மெமரி மியூடெக்ஸை ரோபஸ்ட் வகையாக உருவாக்குங்கள். வைத்திருந்தவர் செத்தால் அடுத்து பூட்டுபவருக்கு "முன்னவர் இறந்துவிட்டார்" என்ற குறிப்போடு பூட்டு கிடைக்கும். உள்ளே இருக்கும் டேட்டா பாதி மாறியிருக்கலாம், அதைச் சீர்செய்து "சரியாகிவிட்டது" என்று அறிவிப்பது அவர் பொறுப்பு. முக்கியமான ஃபைலை மாற்றும்போது புதிய பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து, பழைய பெயருக்கு ரீநேம் செய்யுங்கள்; எங்கே செத்தாலும் பழையதோ புதியதோ ஒன்று முழுதாக இருக்கும்.

இதற்கெல்லாம் அடங்காததை, வெளியேறும்போது சுத்தம் செய்வதை நம்பாமல் தொடங்கும்போது சுத்தம் செய்யுங்கள். யூனிக்ஸ் சாக்கெட் பாதை நல்ல உதாரணம்: முன்னோடி செத்துப்போய்ப் பாதை மட்டும் கிடந்தால், சாக்கெட்டை அந்தப் பாதையோடு இணைக்கும் பைண்ட் "முகவரி பயன்பாட்டில்" என்று தோற்கும். தொடக்கத்தில் எஃப்லாக் வாங்கிவிட்டீர்கள் என்றால் வேறு பிரதி உயிரோடு இல்லை என்று தெரியும், பாதையைத் தைரியமாக அழித்துவிட்டு பைண்ட் செய்யலாம்.

கடைசியாக, உங்கள் ஃபங்ஷன் உண்மையில் சரியா என்று எப்படித் தெரியும்? எரர் பாதைகள் வழக்கமான டெஸ்டில் ஓடுவதே இல்லை. எஸ்கியூலைட் டேட்டாபேஸ் செய்வது மாதிரி செய்யுங்கள்: மாலக்குக்கு ஓர் உறை போட்டு, N-ஆவது அழைப்பு தோற்கும்படி வையுங்கள். N-ஐ ஒன்றில் தொடங்கி, எதுவும் தோற்காமல் ஃபங்ஷன் முழுதாக ஓடும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஓபன், ரீட், பூட்டு எல்லாவற்றுக்கும் அதே உறை. ஒவ்வொரு சுற்றிலும், திரும்பாத மெமரியைக் கண்டுபிடிக்கும் லீக் சானிடைசர் ஓடட்டும், திறந்த டிஸ்கிரிப்டர் எண்ணிக்கை முன்னும் பின்னும் ஒன்றா என்று பாருங்கள், மியூடெக்ஸை ட்ரைலாக் செய்து (காத்திருக்காமல் பூட்ட முடிகிறதா என்று) பாருங்கள். உங்கள் ஃபங்ஷனில் தோற்கக்கூடிய இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை, அரை நாள் வேலை. இரண்டாவது வகைக்குத் தனி ஸ்கிரிப்ட்: புரோகிராமைத் தொடங்கு, இஷ்டப்பட்ட மில்லிசெகண்ட் கழித்து சிக்கில் அனுப்பு, மறுபடி தொடங்கு, கேள்வி கேட்காமல் எழுந்து நிற்கிறதா பார். ராத்திரி முழுக்க ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.